பௌதிகவியல் பாடத்தின் முதற் பக்கம்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளாகச் சட்டமூலங்களையும் சுற்றறிக்கைகளையும் உடன்படிக்கைகளையும் வாசித்துப் பழகியவனுக்கு, எந்த ஆவணம் கைக்கு வந்தாலும் இரண்டு கேள்விகள் தாமாகவே எழும். இதனால் யார் கட்டுப்படுகிறார்? யார் கட்டுப்படவில்லை? அண்மையில் என் கைக்கு வந்த ஆவணம் சட்டமூலமும் அல்ல, சமாதான உடன்படிக்கையும் அல்ல. தென்னிலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றில் பௌதிகவியல் பயிலச் சென்ற என் பெறாமகளுக்கு, பாடம் தொடங்கிய முதல் நாளன்று வழங்கப்பட்ட இரண்டு பக்கத் தாள். பாடத்தின் ஒழுங்குவிதிகளும் மாணவரிடம் எதிர்பார்க்கப்படுபவையும் அதில் அச்சிடப்பட்டிருந்தன.

நான் கலைப்பீடத்துப் பட்டதாரி. பௌதிகவியலை நான் கற்றது சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தோடு முடிந்துவிட்டது. ஆயினும் அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தேன். அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எமது மண்ணின் கதை ஒன்று நிற்பதாகப் பட்டது. அதையே இங்கு எழுத விழைகிறேன்.

முதலில் தாளின் உள்ளடக்கத்தைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். விரிவுரைகளுக்கும் செய்முறைகளுக்கும் 80 விழுக்காடு வரவு இருத்தல் வேண்டும். குறைந்தால் இறுதிப் பரீட்சைக்கு அமர முடியாது. செய்முறை வகுப்புக்குப் பத்து நிமிடம் பிந்தினால் ஆய்வுகூடத்தினுள் அனுமதியில்லை. அளவீடுகள் யாவும் பேனாவால், செய்முறைக் கொப்பியில் நேரடியாக எழுதப்படல் வேண்டும். பிழையான அளவீட்டை அழித்தலாகாது. ஒற்றைக் கோட்டால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். கணக்குகளைப் பற்றி நண்பரோடு கலந்துரையாடலாம். விடையைத் தனித்தே எழுத வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்தியிருந்தால் அதனை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். தொடர் மதிப்பீட்டுக்கு 30 புள்ளிகள், இறுதிப் பரீட்சைக்கு 70. பயிற்றுமொழி ஆங்கிலம்.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது, அழிக்காதே, ஒற்றைக் கோட்டால் வெட்டு என்ற விதிதான். பிழையாகத் தோன்றிய அளவீடு பின்னர் சரியென்று தெரியவரலாம். ஆகவே அது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் நியாயம். எமது செய்தி மேசைகளிலும் இவ்விதி ஒருகாலத்தில் இருந்தது. மூத்த உதவி ஆசிரியர்கள் நிருபரின் பிரதியை மை பூசி மறைக்கமாட்டார்கள்; வெட்டிய சொல் தெரியும்படியே வெட்டுவார்கள். கணினி வந்தபின் வெட்டியதன் சுவடே இல்லாமற் போயிற்று. ஆய்வுகூடங்களிலாவது அந்த ஒழுக்கம் எஞ்சியிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

பௌதிகவியல் எமது குடாநாட்டுக்குப் புதிய சரக்கன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஆரம்பித்த செமினரியில் இயற்கைத் தத்துவம் என்ற பெயரில் அது போதிக்கப்பட்டது. அதன் முதல் அதிபரான டானியல் பூவரின் காலத்தில் நடந்த ஒரு சம்பவம் பலரும் அறிந்தது. 1829 மார்ச் 20ஆம் திகதி நிகழவிருந்த சந்திர கிரகணத்துக்கு அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு கணக்கைக் கூறிற்று; பூவர் வேறொரு கணக்கைக் கூறினார். இரண்டுக்கும் நேரத்திலும் மறைப்பின் அளவிலும் வேறுபாடு இருந்தது. வானத்தைப் பார்த்துத் தீர்மானிப்போம் என்று மாணவர்கள் முன்னிலையில் சவால் வைக்கப்பட்டது. தம் கணக்கே சரியாயிற்று என்று மிஷனரிமார் எழுதிவைத்தார்கள். அவர்களுக்கு அது சமயப் பிரசாரத்துக்கான கருவி. எமக்கு அதில் முக்கியமானது வேறொன்று. இரு தரப்பாரும் நேரத்தைக் குறித்து, கண்ணால் பார்த்து, ஒப்பிட்டுத் தீர்க்கலாம் என்று ஏற்றுக்கொண்ட இடம் அது. செய்முறை வகுப்பின் சாரம் அதுதானே?

அச்செமினரி 1855இல் மூடப்பட்டது. அங்கே கல்வி கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த தாமோதரம்பிள்ளை, இளமையில் இயற்கைத் தத்துவமும் கணிதமும் பயின்றவர் என்பதை எமது தமிழ் வகுப்புகள் அழுத்திச் சொல்வதில்லை. ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிக்கும் பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிப்பதுண்டு. பின்னாளில், 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டபோது, அதன் விஞ்ஞான பீடம் முதலில் இயங்கியதும் அதே வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரி வளவில்தான். இடையில் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர், கேம்பிரிட்ஜில் போல் டிராக்கிடம் ஆய்வு செய்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். ஆக, பௌதிகவியலிடம் எமக்குள்ள உறவு இருநூறு ஆண்டு பழையது.

அவ்வுறவில் விழுந்த அடியும் சிறியதன்று. தாளில் உள்ள 30, 70 என்ற இலக்கங்களைப் பார்த்தபோது எனக்கு வேறு இரண்டு இலக்கங்கள் நினைவுக்கு வந்தன: 250, 227. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், நான்கு பாடங்களுக்குமாக 400 புள்ளிகளுள், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் செல்லத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகள் வேண்டியிருந்தன. சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதுமானதாயிருந்தது. பௌதிக விஞ்ஞானத்துக்கு முறையே 204, 183. தரப்படுத்தல் என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாடு பின்னர் மாவட்ட ஒதுக்கீடாக வடிவம் மாறியது. அதன் அரசியல் விளைவுகளை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. ஒரு தலைமுறை அதற்கு விலை கொடுத்திருக்கிறது. ஒரு பாடத்தின் புள்ளி எப்படிக் கணிக்கப்படும் என்பது முதல் நாளிலேயே எழுத்தில் தெரிவிக்கப்படுவது எத்தனை பெரிய விடயம் என்பதை, ஆட்டம் நடந்து முடிந்தபின் விதி மாற்றப்பட்டதைக் கண்ட சமூகம்தான் முழுமையாக உணரும்.

2001இலிருந்து இசட் புள்ளி நடைமுறையில் உள்ளது. ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து, வருவதை நியமவிலகலால் பிரிப்பது அதன் முறை. உதாரணமாக, பௌதிகவியலில் இடை 38, நியமவிலகல் 16 என்று வைத்துக்கொண்டால், 62 எடுத்தவரின் இசட் புள்ளி 1.5 ஆகும். எளிய கணக்குத்தான். ஆனால், பழைய பாடத்திட்டத்தில் தோற்றியோரையும் புதிய பாடத்திட்டத்தில் தோற்றியோரையும் ஒன்றாகச் சேர்த்து 2011ஆம் ஆண்டுப் பரீட்சைக்கு அதனைக் கணித்தபோது விவகாரம் உயர்நீதிமன்றம் வரை சென்றது. இரு தொகுதியினருக்கும் வேறுவேறாகக் கணிக்குமாறு 2012இல் நீதிமன்றம் பணித்தது. எந்தக் கூட்டத்தோடு ஒருவனை ஒப்பிடுகிறோம் என்பதிலேயே நீதி அடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டியதில்லை.

இனி, செய்முறைக்கு வருவோம். எமது உயர்தரப் பௌதிகவியற் பரீட்சையில் ஐம்பது பல்தேர்வு வினாக்கள் உண்டு. அமைப்புக் கட்டுரை வினாக்களும் கட்டுரை வினாக்களும் உண்டு. கருவியைக் கையால் தொட்டுச் செய்துகாட்டும் செய்முறைப் பரீட்சை கிடையாது. பரிசோதனை பற்றிய வினா தாளில் வரும்; விடையும் தாளிலேயே எழுதப்படும். விளைவு யாதெனில், மீற்றர் பாலத்தைக் கண்ணாலும் காணாத பிள்ளை, அதன் சமநிலைப் புள்ளியைக் காணும் ஒழுங்கைப் பிசகில்லாமல் எழுதுகிறது. ரியூசன் கொட்டிலில் முந்நூறு பேருக்கு நடுவில் இருந்து, ஒலிவாங்கியில் சொல்லப்படுவதைக் குறித்துக்கொண்ட பிள்ளையிடம் வேறெதை எதிர்பார்க்கலாம்? ரியூசன் ஆசிரியரை நான் குறைகூறவில்லை. கேட்கப்படுவதைத்தான் அவர் கற்பிக்கிறார்.

என் பெறாமகள் பல்கலைக்கழகத்தின் முதற் செய்முறையில் வேணியர் இடுக்கிமானியைக் கையில் வாங்கியபோது, அதன் பூச்சிய வழுவைத் திருத்தும் முறையைப் பத்துத் தடவை பரீட்சையில் எழுதியிருந்தாளாம். தாடைகளை மூடி அதைப் பார்த்தது அன்றுதான் முதற் தடவையாம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனெனில், கருவியற்ற காலத்தில் பௌதிகவியலைக் கையால் செய்த ஒரு சமூகம் நாங்கள். 1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டதோடு குடாநாட்டின் மின்சாரம் நின்றது. மின்கலங்களும் எரிபொருளும் தடைசெய்யப்பட்டன. நாளிதழ்கள் கோடிட்ட கொப்பித் தாள்களில்கூட அச்சாகின. அக்காலத்தில் வானொலிச் செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து மின் எடுத்தோம். ஏறத்தாழ 6 வோல்ற், 3 வாற்று. அது ஆடலோட்டம், வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். ஆகவே இருவாயியை இடையில் பொருத்த வேண்டும் என்பது சைக்கிள் திருத்தும் பெடியனுக்கும் தெரிந்திருந்தது. சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேயும். 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல், எங்கள் முற்றங்களில் முழங்கை வலியாக உணரப்பட்டது.

மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் இலகுவில் ஆவியாகாது, பெற்றோல் ஆவியாகும். எனவே சில துளி பெற்றோலைச் சூப்பிப் போத்தலால் பீச்சி இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இரவில் ஜாம் போத்தலில் பஞ்சும் திரியும் வைத்த விளக்கு. திரி வழியே எண்ணெய் ஏறுவது மயிர்த்துளை எழுகை என்று விஞ்ஞான வகுப்பு நண்பன் ஒருவன் அந்த வெளிச்சத்திலேயே எனக்கு விளக்கினான். அந்த விளக்கில் படித்தவர்கள் இன்று பல நாடுகளிலும் பொறியியலாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். வறுமையைப் போற்றுவதற்காக இதை நான் எழுதவில்லை. அந்த நாட்கள் திரும்பி வரவே கூடாது. ஆயினும், அன்று இல்லாமையிலும் கை வேலை செய்தது. இன்று கடையில் சில ஆயிரம் ரூபாவுக்குப் பன்மானி கிடைக்கும்போதும் கை சும்மா இருக்கிறது என்பதே என் ஆதங்கம்.

பயிற்றுமொழி ஆங்கிலம் என்ற வரி தாளின் கடைசியில், சிறிய எழுத்தில் இருந்தது. மற்றெல்லா விதிகளையும்விடப் பிள்ளையை வருத்தியது அதுதான். பதின்மூன்று ஆண்டுகள் அவள் விஞ்ஞானத்தைத் தமிழில் கற்றாள். அமுக்கம், உந்தம், சடத்துவம், மேற்பரப்பு இழுவை என்பன அவள் சிந்தித்த சொற்கள். சென்னையில் அழுத்தம் என்றால் பிரஷர். எமக்கோ அழுத்தம் என்றால் மின்னழுத்தம், பிரஷர் என்பது அமுக்கம். அத்தனை நுணுக்கமாக எமக்கென ஒரு கலைச்சொல் மரபு இருக்கிறது. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்த விபுலாநந்த அடிகள், 1930களில் தமிழகத்தின் கலைச்சொல்லாக்க முயற்சிகளில் முன்னின்றவர். 1947இல் வெளிவந்த அவரது யாழ் நூல், தமிழிசை ஆராய்ச்சி என்று அறியப்பட்டாலும், நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கை ஆராயும் வகையில் பௌதிகவியலும்கூட. அப்படிப்பட்ட மரபில் வந்த பிள்ளை, விரிவுரை மண்டபத்தில் ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் கிறுக்கிக்கொண்டு வந்து, இரவில் பொருள் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. உலகத்தின் ஆய்வுக் கட்டுரைகள் அம்மொழியில்தான் பெரும்பாலும் வருகின்றன. ஆனால், பதின்மூன்று ஆண்டுப் பாதையை ஒரே இரவில் மாற்றச் சொல்லும்போது இடையில் ஒரு பாலம் போடுவது யாருடைய பொறுப்பு? முதலாவது தொடர் மதிப்பீட்டில் அவளுக்கு 100க்கு 22 கிடைத்தது. வலிகாமத்தில் வெங்காயம் செய்கின்ற என் தம்பியின் வீட்டில், பல்கலைக்கழக வாசலை மிதித்த முதற் பிள்ளை அவள். அடுத்த விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகமாட்டேன் என்றாள். தாய் அழுதாள். தம்பி ஒன்றும் பேசாமல் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

நான் அந்தத் தாளைக் கேட்டு வாங்கியது அன்றுதான். வாசித்து முடித்ததும், “விதிகள் எல்லாம் நியாயமாய்த்தானே இருக்கு, பிள்ளை?” என்றேன்.

“ஓம் பெரியப்பா, நியாயம்தான். ஆனால் எல்லாம் நாங்கள் செய்யவேண்டியது. அவை என்ன செய்வினம் எண்டு இதில ஒரு வரியும் இல்லை” என்றாள்.

முப்பது ஆண்டுப் பத்திரிகையாளன் கேட்க வேண்டிய கேள்வியைப் பத்தொன்பது வயதுப் பிள்ளை கேட்டுவிட்டது. மீண்டும் வாசித்தேன். அவள் கூறியது உண்மை. மாணவர் பிந்தினால் கதவு மூடப்படும். விரிவுரையாளர் பிந்தினால் என்ன என்று இல்லை. செய்முறை அறிக்கை ஒரு வாரத்தில் ஒப்படைக்கப்படல் வேண்டும். திருத்தப்பட்டு எத்தனை வாரத்தில் திரும்பும் என்று இல்லை. அவளுடைய முதல் மூன்று அறிக்கைகள் பருவம் முடியும் தறுவாயில்தான் திரும்பினவாம். முதலாவதில் செய்த தவறு எதுவென்று தெரியாமல் மூன்றிலும் அதையே செய்திருந்தாள்.

வரவு விதியையே எடுத்துக்கொள்வோம். பருவமொன்றில் பத்துச் செய்முறை எனில், எண்பது விழுக்காடு என்பது இரண்டைத் தவறவிடலாம், மூன்றாவதைத் தவறவிட முடியாது என்பதாகும். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவுப் பேருந்தில் வந்துபோனாலே இரண்டு நாள் கழிந்துவிடும். ஒரு செத்தவீடு, ஒரு காய்ச்சல், அவ்வளவுதான் கணக்கு. இருந்தும் அவ்விதியை நான் ஆதரிக்கிறேன். ஆய்வுகூடத்தில் கழித்த மணித்தியாலத்துக்கு மாற்றீடு இல்லை. ஆனால், பல்கலைக்கழகமே சமுகமளிக்காத நாட்களுக்கு வரவுப் பதிவு எங்கே? 2012இல் விரிவுரையாளர்களின் வேலைநிறுத்தம் ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீடித்தது. 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தம் பல வாரங்கள் தொடர்ந்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்குமாறு 2012இல் கேட்டது நியாயமான கோரிக்கை. அதனை அன்று நான் ஆதரித்து எழுதியவன். ஆயினும், இழந்த வாரங்களின் பாரத்தை இறுதியில் சுமப்பவர் மாணவர்தான் என்பதை மறைக்க இயலாது.

ஆகவே என் யோசனை மிக எளியது. பௌதிகவியலுக்கு மட்டுமல்ல, எந்தப் பாடத்தின் முதற் பக்கத்திலும் இரண்டு நிரல்கள் இருக்கட்டும். இடப்பக்கத்தில் மாணவரிடம் எதிர்பார்க்கப்படுவது. வலப்பக்கத்தில் மாணவர் எதிர்பார்க்கக்கூடியது. அறிக்கை இரண்டு வாரத்தில் திருத்தித் தரப்படும். வாரத்தில் இன்ன நாள் இன்ன நேரம் விரிவுரையாளரைச் சந்தித்து ஐயம் கேட்கலாம். முதற் பருவத்தில் கலைச்சொற்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே பட்டியலாகத் தரப்படும். பழுதான கருவியால் வந்த வழுவுக்கு மாணவரின் புள்ளி குறைக்கப்படமாட்டாது. இவற்றுக்குப் பெருஞ் செலவில்லை. இவற்றைப் பலகாலமாக எழுதாமலே செய்துவருகின்ற நல்லாசிரியர்கள் எமது பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதை எழுத்தில் இட்டுவிட்டால், அவர்களிடம் படிக்கும் அதிர்ஷ்டமில்லாத பிள்ளைக்கும் அது உரிமையாகிவிடும்.

பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பரீட்சை கேட்காவிட்டாலும், உயர்தர வகுப்பின் ஒவ்வொரு பிள்ளையும் இடுக்கிமானியை ஒரு தடவையாவது கையிலெடுத்து மூடித் திறந்து பார்க்கட்டும். பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும் கருவி பழுதாகாது என்பது உண்மையே; அது எதையும் அளக்கவும் மாட்டாது.

என் பெறாமகள் திரும்பிப் போனாள். நான் சொன்ன புத்திமதியால் அல்ல. மட்டக்களப்பிலிருந்தும் அம்பாந்தோட்டையிலிருந்தும் வந்த இரண்டு பிள்ளைகளும் அதே நிலையில் இருந்திருக்கிறார்கள். மூவரும் சேர்ந்து, மேல்வகுப்பு மாணவி ஒருத்தியின் உதவியோடு, இரவில் விடுதியின் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு விரிவுரையையும் மூன்று மொழியிலும் மறுபடி எழுதத் தொடங்கினார்கள். உந்தத்துக்குச் சிங்களச் சொல் என்னவென்று அவளுக்கு இப்போது தெரியும். அந்தச் சிங்களப் பிள்ளைக்கு அமுக்கம் என்று எழுதத் தெரியும். இரண்டாவது மதிப்பீட்டில் அவளுக்கு 51. பெருமைப்படத்தக்க புள்ளி என்று யாரும் கூறமாட்டார்கள். ஆனால், தம்பி அதைத் தோட்டத்தில் நின்றவாறே தொலைபேசியில் எனக்குச் சொன்னபோது அவன் குரலில் இருந்ததை அளக்க எந்தக் கருவியும் இல்லை.

மூன்று பிள்ளைகள் ஒரு சாப்பாட்டு மேசையில் செய்ததை ஒரு பல்கலைக்கழகம் தன் முதற் பக்கத்தில் செய்ய முடியாதா? இதனை வாசிக்கும் விரிவுரையாளர்கள் அடுத்த பருவத்துக்கான தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன்னர், வலப்பக்கத்து நிரலில் எழுதத் தம்மிடம் என்ன இருக்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் போதும்.